சாயம் ஏறாத முடிச்சு

என் பெரியப்பா மகள் கந்தம்மாளின் படத்தை அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். "அவங்களைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கம்மா, நீங்கதானே கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க" என்று இரண்டு பேர் சேலத்திலிருந்து வந்து கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிறவளா அவள்? மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் எழுதுகிறேன். படத்துக்குக் கீழே ஒட்டுவார்களோ, அடுப்பில் போடுவார்களோ, அது அவர்கள் பாடு.

ஜலகண்டாபுரத்தில் என் அப்பா செங்கோடனுக்குத் தறி, பெரியப்பாவுக்குச் சாயப்பட்டறை. கந்தம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் அவள் சாயத் தொட்டியடியில் குந்தியிருப்பாள். காய்ந்த நூல்கட்டின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே வெளுப்பாய் இருக்கிற இடத்தைக் காட்டி, "இங்க சாயம் ஏறலீங்கப்பா" என்று பெரியப்பாவையே குற்றம் சொல்வாள். முடிச்சை இறுக்கினால் உள்ளே சாயம் ஏறாது, பட்டறையில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்காமல் இருக்க முடியாது.

அந்த வாய்க்குப் பயந்தே பெரியப்பா அவளைப் படிக்க வைத்தார். பட்டணத்துக்குப் போய் பி.எஸ்ஸி. முடித்து, முப்பத்திரண்டாம் வருஷம் சேலத்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கிருந்த பெரிய டாக்டர் முதல் நாளே சொன்னாராம்: "ஒரே ஒரு தப்பு. அன்றைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்." ஆறு மாதம் உட்கார நாற்காலிகூடத் தரவில்லை, மகராசன். மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அவள் மைக்ராஸ்கோப்பில் கிருமி பார்த்தாள். மூன்று வருஷம் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை.

அவள் பெயர் பரவியதும் எங்கள் சனத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெண் பார்க்கிறபோது பெருநோய், அதாவது குஷ்டம், இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ரகசியமாக அவளிடம் கூட்டிப் போவார்கள். காது மடலைப் பிளேடால் லேசாகக் கீறி, வருகிற நீரைக் கண்ணாடிச் சில்லில் தடவி, அதன்மேல் சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டிப் பார்ப்பாள். சில்லில் பெண்ணின் பெயரை எழுத யார் சம்மதிப்பார்கள்? பெயர் வெளியே தெரிந்தால் குடும்பமே போச்சு. அதனால் சில்லில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டிவிடுவாள். சாயம் ஊற்றுமுன் நூலை அவிழ்த்து அந்தந்தச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

முப்பத்தைந்தில் எனக்குப் பதினெட்டு வயது. ராசிபுரத்து வீரபாகுவுக்கு என்னையும் சுப்பம்மாள் என்ற இன்னொரு பெண்ணையும் பார்த்திருந்தார்கள். என் முழங்கையில் ரூபாய் அகலத்துக்கு ஒரு வெளுத்த தேமல். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். என்னை மட்டும் சோதித்தால் நன்றாயிருக்காது என்று தரகர் சின்னண்ணன் இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிப் போனார்.

"பயப்படாத சாமி, அக்கா நாந்தானே பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே என் காதைக் கீறினாள் கந்தம்மாள். என் சில்லுக்கு வெள்ளை நூல், சுப்பம்மாளுடையதற்குச் சிவப்பு நூல். எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தரகர் மட்டும் வாசலில் நின்றார். "சட்டுனு சொல்லுங்கம்மா, ராசிபுரம் பஸ்சு போயிருமுங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாராம்.

வெள்ளை நூலில்தான் கிருமி என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த முகூர்த்தத்தில் சுப்பம்மாளுக்குக் கல்யாணம். எனக்குத் தறிக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடிசை. நூலைத் தொடக் கூடாது, நான் தொட்ட நூலில் நெய்த சேலையை எவள் உடுத்துவாள்? பிறந்ததிலிருந்து தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவள் சுவருக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்து கிடந்தேன். பெற்ற தாய் சோற்றையும் தண்ணீரையும் தரையில் வைத்துக் குச்சியால் தள்ளுவாள். "கிட்டத் தள்ளும்மா" என்றால், "கோலு அவ்வளவுதாஞ் சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டே மாதத்தில் தேமல் மறைந்துவிட்டது. "மறுக்கா பாருக்கா, ஒரே ஒருக்கா" என்று கந்தம்மாளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "மேல மறைஞ்சா உள்ள இருக்கும், ஊசி போடோணும்" என்றாள். வாராவாரம் கைக்கு உறை மாட்டிக்கொண்டு வந்து நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றுவாள். குத்திய இடமெல்லாம் வீங்கிச் சீழ் பிடிக்கும். நான் அலறுவேன், அவள் நோட்டில் எழுதுவாள். முடிந்ததும் உறையைக் கழற்றிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீரை அவளும் குச்சியால்தான் தள்ளுவாள்.

நாலு வருஷம் கழித்து என் காதை மறுபடி கீறிப் பார்த்தாள். கிருமி இல்லை. அவள் ஊசியால் பெருநோய் குணமாகிவிட்டது என்று கட்டுரை எழுதினாள். பெரிய பத்திரிகையில் அச்சாயிற்று, பெரிய டாக்டரே எழுந்து நின்று கை கொடுத்தார். மருந்துப் பெட்டி போய் நாற்காலி வந்தது. எனக்கு என்ன வந்தது? ஊர்க்காரர்கள் கட்டுரையா படிப்பார்கள்? அதே குடிசை, அதே குச்சி.

அந்த வருஷமே சுப்பம்மாளுக்குப் புருவம் கொட்டி, விரல் மடங்கியது. வீரபாகு அவளைக் கைக்குழந்தையோடு தாய்வீட்டில் தள்ளிவிட்டுப் போனான். செய்தி கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவ்வளவு கெட்டுப்போயிருந்தது மனசு.

நாற்பத்தாறில் கந்தம்மாளுக்குக் காசம். சளி பரிசோதித்துப் பரிசோதித்தே ஒட்டிக்கொண்டது. மலைக்காற்று படட்டும் என்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீடு பிடித்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் போக ஒருவருக்கும் தைரியமில்லை. "உனக்குத்தான் ஏற்கெனவே ஒரு சீக்கு வந்தாச்சே, நீ போயிப் பாத்துக்க" என்று என் அப்பா என்னை அனுப்பினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு வெளிவாசல் திறந்தது அப்படித்தான்.

ஒரு நாள் மத்தியானம் தலைமாட்டிலிருந்த தகர டப்பாவைத் திறக்கச் சொன்னாள். உள்ளே இரண்டு கண்ணாடிச் சில்லு, காகிதத்தில் மடித்த இரண்டு நூல். இரண்டுமே சிவப்பு.

"இதுல எதுங்க்கா என்னுது?"

"அன்னிக்கி நூல அவுக்க மறந்துட்டேன் பெருமாயி. நூலோட சாயத்த ஊத்திட்டேன். ரெண்டும் செகப்பாப் போச்சு. ஒண்ணுல கிருமி இருந்துச்சு, ஒண்ணுல இல்ல. தரகன் வாசல்ல நிக்கறான். உங்கையில தேமலு, அவ தோலு பளபளன்னு இருந்துச்சு. உன்னுதுன்னு சொல்லிட்டேன்."

"மறுபடி எங்காதக் கீறிப் பாத்திருந்தா ஆகாதா?"

"தப்புப் பண்ணீட்டேன்னு அந்த டாக்டருக்குத் தெரிஞ்சா? அன்னிக்கே என்னய ஊட்டுக்கு அனுப்பியிருப்பானே."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு? சுப்பம்மாளுக்குப் புருவம் கொட்டுனப்பவா?"

அவள் டப்பாவைக் கை காட்டினாள். நான் நூல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று முழுக்கச் சிவப்பு. இன்னொன்றின் நடுவில், முடிச்சு இருந்த இடத்தில், எள்ளளவு வெள்ளை.

"அன்னிக்குச் சாயங்காலமே முடிச்ச அவுத்துப் பாத்தேன். கிருமி இல்லாத சில்லுதான் உன்னுது" என்றாள்.

அடி சண்டாளி! சாயங்காலமே தெரியும். தெரிந்தேதான் நாலு வருஷம் குத்தினாள். தெரிந்தேதான் குச்சியால் தள்ளினாள். டப்பாவைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஆனால் ஆராய்ச்சிக்காரிக்கு ஆதாரத்தை அழிக்க மனம் வரவில்லை. இருமல் வந்தது அவளுக்கு. வாயோரம் ரத்தம். "தண்ணி குடு சாமி" என்றாள்.

சொம்பில் தண்ணீர் மொண்டு தரையில் வைத்தேன். மூலையில் கிடந்த குச்சியை எடுத்துத் தள்ளினேன். அவள் கை நீட்டினாள், ஒரு சாண் எட்டவில்லை.

"இன்னுங் கொஞ்சம் கிட்டத் தள்ளு, பெருமாயி."

"கோலு அவ்வளவுதாங்க்கா" என்றேன்.

குச்சியைக் கீழே போட்டுவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.