ஒரு திரைக்கு ஒரு சொல்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் லினக்ஸ் இயங்குதளம்தான். அதைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் எழுத்தண்ணன். முதலில் அதில் இருந்தவை புள்ளி புள்ளியாய்க் கட்டிய எழுத்துகள். கொஞ்சம் பெருக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடையும். அவர்தான் கோட்டால் வரைந்த ஃபான்ட் கோப்புகளைத் தேடிப்பிடித்து, ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரு கட்டளை கொடுத்து, எல்லாருக்கும் மாற்றிவிட்டார். அன்று பூராவும் அவருக்குக் கால் தரையில் இல்லை.

"சுவர் அளவுக்குப் பெருக்கினாலும் வழவழன்னு இருக்கும்மா" என்று என்னைப் பிடித்துவைத்துக் காட்டினார். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அது அவருக்கே தேவைப்படும் என்று யார் கண்டது? கண் நரம்பு வாடுகிறது, மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். திரையில் பன்னிரண்டு அளவில் இருந்த எழுத்து இருபத்துநாலானது, பிறகு அறுபது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. பொண்ணு படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம். அதுவரைக்கும் இந்த நாற்காலி எனக்கு வேணும்."

தலையாட்டினேன். பத்தடி தள்ளி டீ குடிப்பவரும் வாசிக்கிற எழுத்தை வைத்துக்கொண்டு ரகசியம் என்று நம்பிய மனுஷனை என்ன சொல்ல?

திரை அவர் சொன்னபடி கேட்டது, காகிதம் கேட்கவில்லை. வருகிற மனுக்களைக் கணினியில் பதிவதும் அவர் வேலைதான். "மனுவை நான் வாசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். ரோஷம், விடவில்லை. ஒரு மனுவில் 38ஆம் எண் வீட்டை 88 என்று பதிந்துவிட்டார். இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது ஒரு வீடு, தண்ணீர் நின்றது இன்னொரு வீட்டில். அங்கே படுத்த படுக்கையாய் ஒரு நோயாளி. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதிகாரிமேல் ஆத்திரம், அண்ணன்மேல் அதைவிட ஆத்திரம்.

புதன்கிழமை காலை அவருக்கு மெயில் வந்தது. எழுத்தை முந்நூறுக்கு ஏற்றினார். திரையில் ஒரு சொல்தான் பிடித்தது. ஓரக்கண்ணில்தான் அவருக்குப் பார்வை மிச்சம். அதனால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அறைக்கே திரை முழுசாகத் தெரிந்தது.

'தங்களை' போய், 'பணியிலிருந்து' வந்ததும் தட்டச்சுச் சத்தம் நின்றது. எங்களுக்கு அடுத்த சொல் தேவைப்படவில்லை.

"என்னம்மா, எல்லாரும் அமைதியாயிட்டீங்க?"

நான் வாசித்துச் சொல்லியிருக்கலாம். அவர் "பணி... யி..." என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்பது பேரும் காத்திருந்தோம்.