தங்கை நட்ட புல், நான் வெட்டவிடாத புல்

சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை, அதன்மேல் இரண்டு மாடி, வித்துராவில் வாடகைக்கு விட்ட நாலு கடைமுறி: எல்லாம் நான் கட்டியவை. பொன்முடி எஸ்டேட் லயத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு நின்று, அதே கடைத்தெருவில் சுமை தூக்கியவன் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. அதே லயத்தில் எனக்குப் பின் பிறந்த தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். அவர் கணவர் சீக்கிரமே இறந்துபோக, வித்துராவுக்கு மேலே காட்டை ஒட்டி ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டமும் வீடும் வாங்கிக் கொடுத்தேன்.

தங்கை ஒற்றையாக மகனை வளர்த்தார். யாரிடமும் கையேந்தாதவர், பிடிவாதமும் அவ்வளவு உண்டு. ரப்பர் மூப்பாகி வெட்டியதும் புதுக் கன்று வைக்கச் சொன்னேன். அவரோ மலையில் ஆளுயரம் வளரும் போதப்புல்லைத் தூர் தூராகக் கொண்டுவந்து நட்டார்.

"புல்லுக்கு வேண்டியா நான் நெலம் வாங்கினேன்?" என்றேன்.

"அண்ணா, நீங்க கெட்டினதுல எல்லாம் மனுசன்தான் கெடக்கான். இதுல ஒரு மிளா வந்து கெடக்கட்டும்."

பாம்பு வரும், தீப்பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைப் பேசி அடக்கியதும், சுற்றிலும் தீ பரவாதிருக்கத் தீத்தடம் வெட்டியதும் நான். சில மழைக்காலம் கழிந்து ஒரு காலையில், புல் நடுவே மிளா என்கிற அந்தப் பெரிய மான் படுத்தெழுந்த பள்ளத்தைத் தங்கை காட்டினார். உள்ளே கைவைத்து, "சூடு மாறல்லை அண்ணா" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன்.

நெஞ்சு நோவில் கிடந்த கடைசி நாட்களில் கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னார். "வெட்டிராதீங்க" என்பது மட்டுமே அவர் கேட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வண்டி நிறுத்தவும் பந்தல் போடவும் அவர் மகன் புல்வெட்டும் மிஷினோடு ஆளைக் கூட்டி வந்தான். "மாமா, புல்லு பின்னேயும் வளருமில்லா?"

"உள்ள மிளா குட்டியோட கெடக்கு. காலையில நான் கண்டேன். வாறவங்க ரோட்டுல வண்டிய விட்டுட்டு நடந்து வரட்டும்" என்று மிஷினுக்கு முன்னால் நின்றேன்.

அன்று வந்த உங்களில் சிலர் கோபித்துச் சாப்பிடாமல் போனீர்கள். அது எனக்குத் தெரியும். ஏற்றத்தில் நடந்து வந்த மற்றவர்களுக்கும், தங்கையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் என் கும்பிடு.

இந்த வருட நினைவு நாளுக்குப் புல்லோரம் ஒரு கல் நடப்போவதாக மகன் சொல்கிறான். 'அம்மா நட்டது' என்று எழுதட்டும், நியாயம். அதன் கீழே, 'மாமா வெட்டவிடவில்லை' என்றும் கொத்த வேண்டும். எழுத்து சிறிதாக இருந்தாலும் போதும். அந்த வரி இல்லாமல் கல் நிற்கக்கூடாது.