நாற்பத்தைந்து மணி நேரமும் ஓர் ஆமாமும்

ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, மாலையானதும், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் லாரியிலிருந்து இறங்கி நடக்கிறேன். பெல்ஜியத்தில் நான் வழக்கமாக நிறுத்தும் இடத்திலிருந்து ஹோட்டலுக்கு இருபத்திரண்டு நிமிட நடை. நாயோடு உலாவ வருகிறவர்கள் முதலில் தலையணையைப் பார்க்கிறார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவன் என்று நினைப்பார்கள் போலும். ஒரு பெரியவர் ஒருநாள் என் தோளைத் தட்டி அவர் மொழியில் ஆறுதலாக ஏதோ சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். ஹோட்டல் தலையணை தலையை வைத்ததும் பள்ளமாக உள்வாங்கிவிடும், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதையெல்லாம் நடுரோட்டில் நின்று அவருக்கு எப்படி விளக்க?

நாயோடு வருகிறவர்களுக்குத் தெரியாதது, என்னை வெளியேற்றியது மனைவியல்ல, சட்டம் என்பது. ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிறவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நாற்பத்தைந்து மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். அந்த ஓய்வை லாரியின் கேபினில் எடுக்கக்கூடாது. கட்டில், கழிப்பறை, குளிக்க வசதி உள்ள இடத்தில் எடுக்க வேண்டும், செலவு முதலாளியுடையது. இடைப்பட்ட வாரத்தின் குறுகிய ஓய்வைக் கேபினிலேயே எடுக்கலாம். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சட்டத்தின் ஆங்கில வாசகத்தை அச்செடுத்து, பென்சிலால் அடிக்கோடிட்டு மூன்று முறை படித்திருக்கிறேன். நல்ல சட்டம். மாதக்கணக்கில் கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே துவைத்து, புதர் மறைவில் ஒதுங்கிய ஓட்டுநர்களுக்காக வந்த சட்டம். என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் சட்டத்தைக் குறை சொல்வதாக ஊரில் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஊரில் எனக்கு இருந்த சட்டம் இதற்கு நேர்மாறானது. ராஜபாளையத்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒன்பது வருடம் பேண்டேஜ் துணி ஏற்றிப் போனேன். துறைமுக வாசலில் வரிசை நகராமல் இரண்டு நாள், மூன்று நாள் நிற்கும். மழை வந்தால் கேபினுக்குள், இல்லையென்றால் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுக்கை. வெள்ளைத் துணி, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை. ஒரே ஒருமுறை, பக்கத்துத் தெருவிலிருந்த சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன். சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, தார்ப்பாய் முடிச்சுகூட அவிழவில்லை. ஆனாலும் முதலாளிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. "ஏலே, வண்டிய அநாதையாப் போட்டுட்டு எங்கலே போய்ப் படுத்துக் கெடந்த? பெத்த பிள்ளைய பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போவியா?" என்று மூன்று நாள் திட்டினார். அதற்கப்புறம் நான் வண்டியை விட்டுப் படுத்ததில்லை. ஹோட்டலில் நாலு பக்கமும் சுவரோடு படுத்திருக்கும்போது இன்றைக்கும் அவர் குரல்தான் முதலில் வருகிறது. தூக்கம் பிறகுதான்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. லாரி ஏறிய முதல் நாளிலிருந்து, எந்த ஊரில், எந்த நேரத்துக்குப் படுத்தேன், எதில் படுத்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நாற்பது பக்க நோட்டு, பதினான்கு ஆகிவிட்டது. இதனால் ஒரு பயனும் கிடையாது. என் தங்கை பேச்சியம்மாளுக்கு இது தீராத வேடிக்கை. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வருடக்கணக்கில் பிள்ளை இல்லாமலிருந்து பிறந்த பெண் வேணி. நான் அவளைத் தூக்கியது ஒரே ஒரு தடவை, அவள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது.

வேணிக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பேச்சியோடு கூடப்பிறந்த தாய்மாமன் என்று அவளுக்கு நான் ஒருவன்தான். முதல் வயதில் நாள் குறித்தபோது எனக்கு விசா புதுப்பிக்க நாளாகி, வர முடியவில்லை. இரட்டைப்படை வயதில் குத்துவதில்லை. மூன்றாம் வயது இந்த ஆவணியோடு முடிகிறது, விட்டால் ஐந்தாம் வயதில்தான். "அதுக்குள்ள பள்ளிக்கூடம் போயிருவா. எல்லாப் பிள்ளையும் கம்மல் போட்டு வரும், இவ மட்டும் மூளிக் காதோட போவணுமா?" என்று பேச்சி போனில் கேட்டாள். திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் ஆவணிக் கடைசி ஞாயிறு என்று குறித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயில் இது, வடக்கே இருக்கும் திருவண்ணாமலையல்ல. நான் வேலை பார்க்கும் போலந்து நிறுவனத்தில் விடுப்பும் கிடைத்தது. புதன்கிழமை வண்டியை அங்கே மாற்று ஓட்டுநரிடம் ஒப்படைக்க வேண்டும், வியாழக்கிழமை விமானம், சனிக்கிழமை ஊர்.

"தேதி நோட்டுல ஏறிருச்சா?" என்றாள் பேச்சி.

"சிவப்பு மையில எழுதிட்டேன்."

"ஆமா, எங்க வீட்டு விசேஷத்த எழுத மட்டும் ஒன் பேனாவுல மை நிக்காதே. இந்தத் தடவ வரலன்னா அந்தப் பதினாலு நோட்டையும் அடுப்புல வைப்பேன், பாத்துக்க."

"அதெல்லாம் எங்கூட இங்கதான இருக்கு."

"அங்கனக்குள்ள வந்து வைப்பேன்."

விசேஷத்துக்கு முந்தைய ஞாயிறு. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு வண்டியை நிறுத்தியிருந்தேன். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு என் நாற்பத்தைந்து மணி நேரம் முடியும். இரண்டு இரவும் ஹோட்டலில்தான் படுத்தேன். ஆளில்லாத ஹோட்டல் அது. முன்பதிவு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், எனக்கு வருவது கதவைத் திறக்கும் ஆறு இலக்க எண் மட்டும். அறையில் சமைக்கக்கூடாது. இரண்டு நாள் ரொட்டியைக் கடித்துச் சலித்துப்போய், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வண்டிக்குப் போனேன். சோறு பொங்கி, புளிக்குழம்பை ஊற்றித் தின்றேன். நினைவு தெரிந்த நாளாகச் சோறு தின்றால் கண் சொக்கும். வெயில் முகத்தில் அடித்தது. திரையை இழுத்துவிட்டுச் சாய்ந்தேன். சரியாக எவ்வளவு நேரம் என்று தெரியாது, அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

சாலைப் போக்குவரத்து அதிகாரி. நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். ஓட்டிய நேரமும் ஓய்வு நேரமும் பதிவாகும் என் ஓட்டுநர் அட்டையைக் கருவியில் படித்து, இது முழு வார ஓய்வு என்று கண்டுகொண்டார். அடுப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சட்டை கசங்கிய என்னைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

"இரவு நீங்கள் இங்கே தூங்கவில்லை?" என்று கேட்டார்.

நான் உடனே, தெளிவாக, "எஸ் சார்" என்றேன்.

ஊரில் ஒருவர், "நீ இங்க படுக்கலைல்ல?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஆமா, படுக்கல" என்போம். நீங்கள் சொன்னது சரி என்பதுதான் அந்த ஆமா. ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'எஸ்' போட்டால், தூங்கினேன் என்று அர்த்தம். நான் தமிழில் ஆமா சொல்லி, வாயால் எஸ் சொல்லியிருக்கிறேன். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"இரண்டு இரவும்?" என்றார் அவர், புருவத்தை உயர்த்தி.

"எஸ் சார். இரண்டு இரவும்." நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்று அவருக்குத் தெரியட்டும் என்ற நிறைவோடு சொன்னேன்.

அவர் பெருமூச்சுவிட்டு ஏதோ தட்டச்சுச் செய்தார். கையளவு கருவியிலிருந்து காகிதம் வந்தது. டச்சு மொழியில் இருந்தது. கையெழுத்துக் கேட்டார், போட்டேன். கைகுலுக்கி நன்றியும் சொன்னேன். தண்டனை வாங்கியவன் இவ்வளவு மலர்ந்த முகத்தோடு நன்றி சொல்லி அவர் பார்த்திருக்க மாட்டார். பிறகு தம் வண்டியிலிருந்து மஞ்சள் பூட்டை எடுத்துவந்து என் முன்சக்கரத்தில் மாட்டினார்.

அப்புறம்தான் பதறினேன். ஹோட்டல், ஹோட்டல் என்றேன். கதவு எண்ணைச் சொன்னேன். அறை எடுத்திருப்பது வேறு, அதில் தூங்கியிருப்பது வேறு என்றார். அதுவும் நியாயம்தான். நிறுவனத்துக்குப் போன் செய்தேன், ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கேபினுக்குள் ஏறிப் பதினான்காவது நோட்டை எடுத்துவந்து விரித்தேன். வெள்ளி இரவு, ஹோட்டல், அறை எண், படுத்தது ஒன்பதே முக்கால். சனி இரவு, அதே அறை, பத்து ஐந்து. எல்லாம் இருந்தது. எல்லாம் தமிழில் இருந்தது. அவர் நோட்டை வாங்கி, ஒரு பக்கத்தைத் திருப்பி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி திருப்பினார். "அழகான எழுத்து," என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல், "நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் நீங்கள் ஆம் என்றீர்கள்," என்றார்.

ஓய்வு செல்லாது, நாற்பத்தைந்து மணி நேரம் மறுபடி முதலிலிருந்து, ஹோட்டலில், என்று முடிவாயிற்று. இரண்டு மணி நேரம் மிச்சமிருந்த ஓய்வு செவ்வாய் காலை வரை நீண்டது. அவ்வளவு ஓய்வை நான் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். திங்கட்கிழமை நிறுவனத்திலிருந்து அழைத்த பெண், அபராதத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் ஏன் ஆம் என்று சொன்னாய் என்று கேட்டாள். அப்போதுதான் அந்தச் சொல் எங்கே திரும்பியது என்று எனக்குப் புரிந்தது. என் வண்டி நேரத்துக்கு வந்து சேராது என்று, புதன்கிழமை அதை வாங்க வேண்டிய ஓட்டுநரை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். விடுப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது.

பேச்சியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. போனை அவள் வீட்டுக்காரர் வாங்கினார்.

"மச்சான், அங்க தூங்குனதுக்கா புடிக்காவ? இங்கன தூங்காம ராத்திரி பூரா ஓட்டிட்டு வாரான், ஒருத்தனும் ஏன்னு கேக்கறதில்லையே?"

"தூங்கல மாப்பிள்ள. அதான் வெனையே."

"தூங்காததுக்கா புடிச்சாவ?"

தூரத்தில் பேச்சியின் குரல் கேட்டது. "எங்கயும் படுக்காம இங்க வந்து படுன்னா கேக்காரா? விடுங்க. சத்திரப்பட்டி செல்வம் அண்ணன வரச் சொல்லியாச்சு." செல்வம் என் பெரியப்பா மகன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறான். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெதர்லாந்தில் ஒரு கிடங்கு வாசலில் நின்றிருந்தேன். அந்த வாரம் குறுகிய ஓய்வு. கேபினிலேயே, சட்டப்படி, கால் நீட்டித் தூங்கி எழுந்திருந்தேன். ஊரில் பத்தரை. பேச்சி வீடியோவில் வந்தாள். படிக்கட்டில் கூட்டம், மொட்டையடித்த பிள்ளைகள், ஒலிபெருக்கி. செல்வம் பட்டு வேட்டியில், நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்திருந்தான். வேணி அவன் மடியில். காதில் இரண்டு சிவப்புப் பொட்டுப்போல் கம்மல்.

"அழுதாளா?" என்றேன்.

"ஒரு செத்த நேரம். பொறவு, மாமா மாமான்னு அவிய கழுத்தக் கட்டிக்கிட்டா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஏட்டி, இங்க பாரு. இது யாரு சொல்லு?"

வேணி கண்ணீர் காயாத கண்ணால் என்னை உற்றுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து போனில் அவள் பார்த்த நானெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால், சீட்டுக்கும் திரைக்கும் நடுவில் இருக்கிறவன். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது.

"லாரி!" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். செல்வம் குலுங்கிச் சிரித்தான். நானும் சிரித்தேன். "மாமான்னு சொல்லுட்டி, மாமா," என்று பேச்சி அவள் தாடையைப் பிடித்து ஆட்டினாள். யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள். படம் கோயில் படிக்கட்டைக் காட்டி, வானத்தைக் காட்டி, நின்றுபோயிற்று.

சரக்கு ஏற்றிக் கிளம்ப வேண்டிய நேரம். ஓட்டுநர் அட்டையை வண்டியின் நேரப்பதிவுக் கருவியில் செருகினேன். எந்த நாட்டிலிருந்து தொடங்குகிறாய் என்று அது கேட்கும். பொத்தானை அழுத்த அழுத்த நாடுகளின் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். ஐரோப்பாவின் நாடுகள் எல்லாம் அதில் உண்டு, நான் கேள்வியே படாதவைகூட. இந்தியா கிடையாது. பட்டியலின் அடியில் மட்டும் மூன்றெழுத்து ஒன்று இருக்கிறது, மீதி உலகம் என்று அதற்குப் பொருள். வேணியும் பேச்சியும் செல்வமும் அந்தப் படிக்கட்டும் அதற்குள் அடக்கம். விரல் அதுவரைக்கும் போய், சற்று நேரம் அங்கேயே நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஒலியெழுப்பினான். மேலே வந்து, நெதர்லாந்துக்குரிய இரண்டு எழுத்தில் நிறுத்தி, சரி என்று அழுத்தினேன்.