ஒரு தட்டு என்றால் இன்னும் சூடு

பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியாது. எனக்கு நடந்தது பட்டப்பகலில், கொளுத்துகிற வெயிலில், வேலை பார்க்கும் பட்டறையில். கதை கட்டத் தெரிந்த ஆள் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளை கார். ஏசி கம்ப்ரசர் இறுகிப்போய், பெல்ட் கருகி வந்து நின்றது. இதற்கு முன் இரண்டு பட்டறைகளில் புதுக் கம்ப்ரசர் மாட்டியும் நிலைக்கவில்லை என்றார் வண்டிக்காரர். முதலாளி என்னையும் என் தங்கை புருஷனையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நாம மாட்டுறதும் போச்சுன்னா, ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கங்க."

தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். மாப்பிள்ளையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் கம்ப்ரசரை நம்பித்தான் இருந்தது.

அதனால் எந்த வேலையையும் குறுக்கவில்லை. பழைய கம்ப்ரசர் அரைத்துத் தள்ளிய இரும்புத் தூள் குழாய் முழுக்கக் கிடந்தது. அது போகும்வரை கழுவி, ஊதி, மறுபடி கழுவினோம். சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் அடைத்துக் கிடந்தது, அதையும் மாற்றிப் புதுக் கம்ப்ரசரை மாட்டினோம். பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முள் அசையவில்லை. லீக் இல்லை.

கேஸ் ஏற்றுவதுதான் பாக்கி. பானெட்டைத் தூக்கி வைத்தால் உள்ளே இருப்பவர் தெரியாது. என்ஜின் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. உள்ளே இருப்பவன் கண்ணாடியைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் இன்னும் சூடு. இரண்டு தட்டு என்றால் போதும்.

"உக்காரு மாப்ள. மாமியார் வீட்ல கெடைக்காத மரியாதை. ஏசி போட்டு உக்கார வைக்கிறேன்."

"மொதல்ல காத்து வரட்டும் மச்சான். மரியாதைய அப்பறம் பாப்போம்."

என்ஜின் ஓடியது. கம்ப்ரசர் 'டிக்' என்று பிடித்தது. நல்ல சத்தம். வால்வைத் திறந்தேன்.

டொக்.

ஒரு தட்டு. கொஞ்சம் ஏற்றினேன்.

டொக்.

இன்னும் கொஞ்சம். என் கைக்குள் குழாய் ஜில்லென்று வியர்த்தது. இந்நேரம் உள்ளே குளிர்ந்திருக்க வேண்டும்.

டொக்.

கேஜைப் பார்த்தேன். முள் அளவைத் தொட்டுவிட்டது. இதற்கு மேல் ஏற்றினால் கம்ப்ரசர் தாங்காது. ஆனால் உள்ளே இருப்பவன் சூடு என்கிறானே. முள் பொய் சொல்கிறதோ...

கை மறுபடி வால்வுக்குப் போனது. கண்ணில் வியர்வை இறங்கியது. துடைக்கத் தலையைத் தூக்கினேன்.

எதிரே, வாசல் பக்கம், மாப்பிள்ளை நின்றான். முதலாளியோடு சேர்ந்து வேறொரு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் அந்த வண்டி மேல்.

அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டொக்.

வால்வை மூடினேன்.

சுற்றிக்கொண்டு போனேன். முன்சீட்டு காலி. கதவைத் திறந்தேன். ஐஸ் மாதிரி காற்று முகத்தில் அடித்தது.

டொக்.

பின்பக்கம்.

கண்ணாடி அதிர்ந்ததைப் பார்த்தேன். உள்ளிருந்து. கை இல்லை. யாரும் இல்லை.

பின்கதவைத் திறந்தேன்.

அனல். உலை வாயைத் திறந்தது போல.

சீட்டு அமுங்கியிருந்தது.

நான் பார்க்கப் பார்க்க... மெல்ல... மேலே எழும்பியது.

கீழே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை ஓடி வந்து என்ஜினை நிறுத்தினான்.

"என்ன மச்சான், மயக்கமா?"

"நீ எப்ப எறங்கின?"

"ஸ்டார்ட் பண்ணதுமே மொதலாளி கூப்ட்டாரு. சொல்லிட்டுத்தானே போனேன். கேக்கலையா?"

அதற்கு மேல் ஒரு சொட்டு கேஸ் ஏற்றவில்லை. முள் காட்டிய அளவோடு நிறுத்தி வண்டியை அனுப்பினோம். கம்ப்ரசர் தாங்கியது. எங்கள் வேலையும் தப்பியது. தங்கைக்குப் பெண் குழந்தை.

மாதங்கள் கழித்து வண்டிக்காரர் பிரேக் பார்க்க வந்தார். ஏசி அருமை என்றார்.

"மத்த ரெண்டு பட்டறைக்காரங்களும் கேஸ அளவுக்கு மேல ஏத்தித்தான் கெடுத்திருக்காங்க. ஏன்டா இப்படின்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. ஒருத்தன ஒருத்தன் பாத்ததுகூட கெடையாது."

"என்ன சொன்னாங்க?"

அவர் சிரித்தார்.

"பின்சீட்ல இருந்த அம்மா வேர்த்து ஊத்திக்கிட்டு, பத்தல பத்தலன்னு கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தாங்களாம். நான் தனியாத்தாங்க போனேன்."

அன்று நடந்ததில் ஒரு வார்த்தைகூட நான் அவரிடம் சொன்னதில்லை.