எட்டுக்காலிப் பிள்ளையின் மிச்சப் பக்கங்கள்

துறைமுகத்துக்கு வந்து இறங்கும் பெட்டிகளில் என்ன சரக்கு இருக்கிறது என்று கணினியில் ஏற்றுவதுதான் இப்போது என் வேலை. முந்திரி, மரக்கட்டை, கண்ணாடி, இயந்திர உதிரி. வாரத்தில் நான்கைந்து தடவையாவது ‘பழைய காகிதம்’ என்று வரும். அந்த இரண்டு சொற்களைத் தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட வேண்டியதுதான். என் விரல் மட்டும் அங்கே கொஞ்சம் நின்றுவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். களைப்பும்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா அந்தப் பழைய காகிதத்துக்குள்தான் வேலை பார்த்தாள். அமெரிக்கா பக்கத்து ஊர்களில் ஜனங்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டதையெல்லாம் ஆளுயரக் கட்டுகளாக இரும்புக் கம்பியால் இறுக்கிக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். ஆலைக்குப் போய்க் கூழாவதற்கு முன்னால், புதுக்கோட்டை ரோட்டில் பைபாஸைத் தாண்டி இருந்த ஒரு குடோனில் அவை வந்து இறங்கும். கம்பியை வெட்டிவிட்டதும் கட்டு வயிறு வெடித்ததுபோலச் சரியும். முப்பது பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பிளாஸ்டிக்கைத் தனியே, அட்டையைத் தனியே, வெள்ளைத் தாளைத் தனியே பிரித்துப் போட வேண்டும்.

அந்த வேலைக்கு அம்மா காலை ஒன்பது மணிக்குத்தான் போவாள். அதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்கும். விடியுமுன் இறால் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். போய் எட்டு மணி வரை இறால் உரித்துவிட்டு வருவாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய பயறுபோல இருக்கும். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். வந்தால் பத்து நாள், போனால் இரண்டு மாதம். ஆகவே வீட்டில் நானும் அம்மாவும்தான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே தூங்குவாள். ஜெபமாலை சொல்லும்போது மூன்றாவது மணியைத் தாண்ட மாட்டாள். மிச்சத்தை நானே இரண்டு குரலில் சொல்லி முடித்துவிடுவேன், மாதாவுக்குக் கணக்குக் குறையக் கூடாது என்று.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சேலை மடிப்புக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டாள்.

“இந்தா. அசல் ஒன்ன மாதிரியே ஒருத்தி.”

புத்தகம் வெதுவெதுப்பாக இருந்தது. கப்பலில் வெயில் பட்டு வந்த சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஒரு படக்கதைப் புத்தகம். அட்டையில் ஒரு பெண் சுவரில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது இருக்கும். கருநீல உடுப்பு, தோள் முழுவதும் கால் பரப்பிய ஒரு மஞ்சள் எட்டுக்காலி. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். என்னை வாய் பிளக்க வைத்தது எட்டுக்காலி இல்லை, அவள் நிறம். டிவியில் பறக்கிறவர்கள், தாவுகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களாக இருந்த காலம். இவள் எங்கள் தெருப் பிள்ளைகளின் நிறத்தில், எண்ணெய் காணாத சுருட்டை முடியோடு, கொஞ்சம் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கொண்டு போனேன். அவள் கொஞ்சம் வாசித்துச் சொன்னாள்: இந்தப் பெண் பகலில் பள்ளிக்கூடம் போகிறாள், அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், மகளுக்கு எட்டுக்காலியின் சக்தி இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் இடம் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

“இது இங்கிலீஷ் இல்லளா. ஸ்பானிஷா இருக்கும். அவங்க வீட்டுப் பாஷை.”

நான் விடுவதாக இல்லை. அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அம்மாக்காரி சாப்பாட்டு மேசையைக் காட்டி ஏதோ சொல்லுகிறாள். எம், இ, எஸ், ஏ. கூட்டினால் மேசா. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. மேசை! எட்டுக்காலிப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ்தான், எழுதியவனுக்குத்தான் சரியாக எழுதத் தெரியவில்லை. பறங்கிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இந்தக் கரையில் இறக்கிப்போட்ட சொல் அது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அவள் நம் ஊர்க்காரி, பக்கத்துத் தருவைகுளத்துக்காரியாகக்கூட இருக்கலாம்.

அம்மாவுக்கும் அவளைப் பிடித்துப்போனது. படுக்குமுன் என்னோடு சேர்ந்து பக்கம் புரட்டுவாள். அவளுடைய அக்கறையெல்லாம் வேறு திசையில் இருந்தது.

“கையில இம்புட்டு நூலு வச்சிருக்காளே, வலை பின்னி வித்தாலே பொழைச்சுக்கிடலாமே. இந்தச் சுவரு ஏறுத வேலை எதுக்கு?”

ஒரு பக்கத்தில் எட்டுக்காலிப் பிள்ளை சண்டையெல்லாம் முடித்துவிட்டு வந்து, புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்து மேசையிலேயே தூங்கிப்போயிருப்பாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. அந்தப் படத்தில் அம்மாவின் கண் நின்றுவிடும். நான் புரட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“இவளுக்கு எத்தன ஷிப்டுளா?” என்று கேட்டாள் ஒரு நாள்.

புத்தகத்தில் ஒரே ஒரு குறை. பாதிதான் இருந்தது. கடைசியாக இருந்த பக்கத்தில் ஒரு பெரிய பாலம் உடைந்து, பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூட பஸ் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. எட்டுக்காலிப் பிள்ளை ஒரு தூணில் காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையிலும் நூலைச் சுற்றி அந்த பஸ்ஸை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அதற்கு அடுத்த பக்கங்கள் ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தோடு கிழிந்து போயிருந்தன.

பஸ் என்ன ஆயிற்று? எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சப் பக்கங்கள் எங்கேயும் போயிருக்க முடியாது, அந்தக் குடோனுக்குள்தானே கிடக்க வேண்டும் என்று அம்மாவை அரிக்கத் தொடங்கினேன்.

“மல மாதிரி கிடக்குளா. அதுல எங்கனன்னு போய்த் தேட?” என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் நான் கேட்கும் முன்பே, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இன்னைக்கும் இல்ல” என்பாள். இரண்டு வாரம் அப்படிப் போனது. அவள் ஒழுங்காகத் தேடவில்லை, தூங்கிவிடுகிறாள் என்று எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை நானே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மினி பஸ் ஏறினேன். கண்டக்டர் அம்மாவைத் தெரிந்தவர். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்டார். குடோன் வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலைத் தூக்கி ஒரு கட்டின்மேல் வைத்திருந்தார். முழங்கால் வலிக்காரர் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் வணக்கம் வைத்தேன்.

“யாரு பிள்ள பாப்பா நீ?”

“எங்கம்மா உள்ள வேலை பாக்கா அண்ணாச்சி. நீலக் கோட்டு போட்டிருப்பா.”

“எல்லாவளும் நீலக் கோட்டுதான போட்டிருக்கா” என்று சிரித்தார். நல்ல சிரிப்பு. அதனால் எனக்குத் தைரியம் வந்து அம்மாவின் பேரைச் சொல்லி, புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

“இதுல பாதிதான் இருக்கு அண்ணாச்சி. மிச்சம் உள்ளதான் கிடக்கும். நீங்க ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் தேடுவாங்க.”

அவர் புத்தகத்தை வாங்கி மெதுவாகப் புரட்டினார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“இது எங்கன கிடைச்சுது?”

“எங்கம்மா கொண்டாந்தா.”

“எப்ப?”

“ஒரு மாசம் இருக்கும்.” கேட்டதற்குச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். “தினமும் வேலைக்கு நடுவுல மிச்சத்தத் தேடத்தான் செய்தா. அவளுக்குக் கிடைக்கல.”

அவர் உள்ளே ஆள் அனுப்பினார். அம்மா அரக்கப்பரக்க ஓடிவந்தாள். மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டியிருந்தாள். புருவத்திலும் இமையிலும் தூசி. என்னைப் பார்த்ததும் அவள் கண் பயந்தது. “என்னளா? அப்பாட்ட இருந்து ஏதும் போன் வந்துச்சா?” என்றாள் துண்டுக்குள்ளிருந்தே. அப்புறம்தான் அண்ணாச்சியின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். துண்டை மெல்லக் கீழே இழுத்தாள்.

“ஏம்மா, இது நம்ம மாலுதானா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஒரு துண்டுத் தாளு வாசலத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கா இல்லியா?”

“பிள்ள படம் பாக்கட்டும்னு எடுத்தேன். தாளுதான அண்ணாச்சி.”

“தாளுதானம்மா நம்ம யாவாரமே.”

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரைக் கம்பியில் ஒரு கேமரா இருந்தது. நானும் பார்த்தேன். “நான் மட்டும்னா விட்டுட்டுப் போயிருவேன். மொதலாளி மதுரையில இருந்துகிட்டு இதுல பாக்காரு. பிள்ள வேற வந்து இங்கனயே நிக்குது. நாளைக்கு என்னைய கேப்பாரு.”

“இனிமே எடுக்க மாட்டேன் அண்ணாச்சி.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவரும் களைத்த மனிதராகத்தான் இருந்தார். “இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. தேவப்பட்டா சொல்லி அனுப்புதேன்.”

“எப்ப அண்ணாச்சி?”

“சொல்லி அனுப்புதேன்மா” என்றார் இன்னும் தணிந்த குரலில்.

அம்மா கோட்டைக் கழற்றி உதறி நான்காக மடித்து எடை மேடையின் ஓரத்தில் வைத்தாள். உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தை அண்ணாச்சி திருப்பித் தரவில்லை. தன்னுடைய தினசரிப் பேப்பருக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மிச்சம் கிடைக்கும்போது இரண்டு பாதியும் ஓரிடத்தில் இருப்பதுதானே நல்லது. அதுவும் அவரே சொல்லி அனுப்புகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மினி பஸ் வர நேரம் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அம்மா தூக்கைத் திறந்தாள். காலையில் அவளுக்கென்று கட்டிய புளிச்சோறும் பொரித்த சாளை மீனும். பெரும்பகுதியை என் பக்கம் தள்ளினாள். அவளோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி ரொம்ப நல்லவர் என்றேன். நீ முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம் என்றேன்.

“ரோட்ட எப்பிடித் தாண்டுன?” என்று மட்டும் கேட்டாள்.

“பாத்துத்தான் தாண்டுனேன்.”

“லாரி வார ரோடுளா.” பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “வாய மூடிக்கிட்டு சும்மா இரு செத்த நேரம்” என்றாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் பஸ் வரும் வரைக்கும் சும்மா இருந்தேன். அது பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தரையில் சாய்ந்தாள். வெயில் நேரத்தில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. பண்டிகை நாள் மாதிரி இருந்தது. பக்கத்தில் நானும் படுத்துக்கொண்டேன்.

“அம்மா, அவ பஸ்ஸ விட்டுருவாளா?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. “விட மாட்டா.”

“கை வலிக்குமே.”

“வலிக்கத்தான் செய்யும்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “பேசாமக் கிட.”

அடுத்த வாரமும் அவள் குடோனுக்குப் போகவில்லை. இறால் உரித்துவிட்டு வந்து, தெருவில் யார் யாரையோ பார்க்கப் போனாள். பிறகு உப்பளத்தில் உப்புப் பெட்டி சுமக்கப் போனாள். பாதத்தில் வெடிப்பு வந்து, அதில் உப்பு ஏறி, படுக்குமுன் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் மோட்டார் பைக் ஏதாவது வேகம் குறைந்தால் நான் வாசலுக்கு ஓடுவேன். அம்மாவும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

“அண்ணாச்சி சொல்லி அனுப்புனாவளாம்மா?” என்று தினமும் கேட்பேன்.

“இன்னும் இல்லளா” என்பாள்.

அவள் முகம் அப்போது ஒரு மாதிரி ஆகிவிடும். பாவம், என்னைவிட அவளுக்குத்தான் அந்தப் பிள்ளைமேல் பிரியம் அதிகம், முடிவு தெரியாமல் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தோளில் கை போட்டு நான்தான் தேற்றுவேன்.

“கவலப்படாதம்மா. அவங்க மறக்க மாட்டாவ.”