கயிறு இழுக்காமல் அடித்த மணி

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மதுரை பழங்காநத்தத்தில் என் அறையில் ஃபோன் அலாரம் ஒரு சர்ச் மணியின் ஓசை. நிஜ மணியைப் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் இல்லை.

காலை 8.10-க்கு ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ். செக்கானூரணிவரை இருபது ரூபாய். அங்கிருந்து சவேரியார்பட்டி ஆறு கிலோமீட்டர், ஆட்டோ நூற்றைம்பது. இருபுறமும் அறுப்புக்கு நிற்கும் நெல். மணிக்கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. நான்கு அடுக்கு, சுண்ணாம்புக் காரை, உச்சியில் திறந்த வளைவுக்குள் மணி.

“ஊருக்கே கடிகாரம் அதுதேண்ணே,” என்றார் டிரைவர் பாண்டி. “மத்தியான மணி அடிச்சா ஒரு வயலுக்குத் தண்ணிய நிப்பாட்டி அடுத்த வயலுக்கு விடுவாக. சர்ச்சுக்குப் போறவுக, போகாதவுக எல்லாருக்கும் ஒரே மணி.”

சாவுக்கும் அதே மணி. ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு. அதைக் கேட்டால் வயலில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் துக்க வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

மணியடிப்பவர் மேரி அக்கா. சாவி அவரிடம். கோபுரத்தில் விரிசல், கயிற்றை இழுத்தால் மணி ஆடும், கூடவே சுவரும். மழைக்காலத்திலிருந்து யாரோ யூடியூபில் போட்ட மணிப் பதிவை ஃபோனிலிருந்து ஸ்பீக்கரில் போடுகிறார். நான் ஏறிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தார். அப்போதுதான் செல்வம் வந்தார். பக்கத்துத் தெரு விவசாயி. இடுப்பில் துண்டு.

“அக்கா, அய்யா போயிட்டாரு. மணி அடிக்கணும்.”

“போடுறேன்ப்பா.”

“ஸ்பீக்கரா? வேணாங்க்கா. அம்புட்டு வருசம் இந்த மணிக்குத் தண்ணி பாச்சுன மனுசன்.”

பாண்டி என் காதருகே: “போன மாசம் சாவு மணி போட்டப்ப நடுவுல நகைக்கடை வெளம்பரம் வந்துருச்சுண்ணே.”

மேரி அக்கா பாதிரியாருக்குப் போன் போட்டார். “சாமி, கயித்தத் தொடல. மேல ஏறி மணி நாக்கக் கையால தட்டுறேன். மணி ஆடாது.” செல்வம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரின்னுட்டாரு.” பிறகு என்னிடம்: “தம்பி, இன்னிக்கு நீங்க ஏற முடியாது. மேல ஒரு ஆளுக்குத்தேன் எடம்.”

அவர் ஏறினார். முதல் அடி. எதிர்பார்த்ததைவிடச் சின்னது. மந்தம். என் அலாரத்தைப் போல இல்லவே இல்லை.

செல்வம் அண்ணாந்து பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார். மூன்றாவது அடிக்கு, அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து தலைத்துண்டை அவிழ்த்தார்கள். தூரத்தில் ஒரு டிராக்டர் நின்றது.

“கேட்டுருச்சு,” என்றார். வீட்டுக்கு நடந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு பூசைக் கூட்டம், தவிர்க்கவும். திரும்ப ஆட்டோவை நம்ப வேண்டாம். பாண்டி துக்க வீட்டுக்குப் போய்விட்டார், நான் ஆறு கிலோமீட்டர் நடந்தேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டுக்குக் கேட்பது பதிவு மணிதான். தப்பித்தவறி நிஜ மணி கேட்டால் ஃபோனை உள்ளே வைத்துவிட்டு வரப்பிலிருந்து இறங்கி நில்லுங்கள். ஆட்கள் வருவார்கள். வழி வேண்டும்.