அடுப்பு மூட்டாத நூடில்ஸ்

அடுப்பு மூட்டாமல் நூடில்ஸ் செய்வது எப்படி என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அரிசி மா நூடில்ஸாக இருக்க வேண்டும், அதுவும் நூல் போல மெல்லியதாக. அகன்ற சட்டியில் பரப்பி, பச்சைத் தண்ணீரை மூழ்க ஊற்றி, மூடிவிட்டு மறந்துவிட வேண்டும். திறந்து திறந்து பார்த்தால் வேண்டுமென்றே விறைத்துக்கொண்டு கிடக்கும். அதன்பாட்டில் விட்டால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். பிறகு தண்ணீரை வடித்து, தேசிக்காயைப் பிழிந்து, உப்புப் போட்டு, சீவிய கரட், வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த கச்சான் கடலை எல்லாம் சேர்த்துக் கையால் பிசறினால் சரி. என் பிள்ளைகள் இதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில்லென்று சாப்பிடுகிறார்கள். ஏதோ வெளிநாட்டுப் பண்டம் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் இதைக் கற்றது கண்டியில், வெளியே பூட்டிய வீட்டுக்குள், ஆடிக் கலவரத்தின்போது. அப்போது எனக்கு ஏழு வயது.

எங்களுடையது மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடு. மேல்தட்டில் வீட்டுக்காரி, கீழ்த்தட்டில் வாடகைக்கு நாங்கள். வீட்டுக்காரி சிங்கள ஆள், கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தவர். எனக்கு அவர் மேல்வீட்டு அன்ரி. அம்மாவை அவர் நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவார். அம்மா அவரை அக்கே என்பார். அவருடைய குசினி எங்கள் குசினிக்கு நேர் மேலே இருந்தது. அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே எங்களுக்குப் பசிக்கும்.

இதில் ஒரு சங்கடம். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்துச் சைவம், மீனையும் இறைச்சியையும் குறிக்கிற மச்சம் என்ற சொல்லையே மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்கிற ஆள். குடிவந்த அன்றைக்கே, வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கருவாடு பொரிக்காமல் இருக்க முடியுமா என்று அன்ரியிடம் கேட்டாராம். வாடகைக்கு வந்தவள் வீட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது! அன்ரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தாராம். சொன்ன சொல் தவறவும் இல்லை. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுசி, எனக்கு நினைவு தெரிந்து ஒரு வெள்ளிக்கிழமையும் அதைச் சட்டியில் போட்டதில்லை.

கலவரம் தொடங்கியபோது அப்பா தன் கந்தோர் வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும் மாமாவும்தான். மாமா அம்மாவின் தம்பி, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், இன்னும் கல்யாணம் ஆகாதவர். அவருக்கு உத்தியோகம் இரண்டாம் பட்சம், நாக்குத்தான் முதல். டவுனில் தமிழ்க் கடைகள் எரிகிற புகை எங்கள் யன்னலுக்குத் தெரிந்த அன்று, அன்ரி இறங்கி வந்து எங்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, முன்கதவுக்கு வெளியே பெரியதொரு ஆமைப்பூட்டைத் தொங்கவிட்டார். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மேலிருந்தே ஒரே பதில் சொன்னார்: “கவுருத் நே. கியா.” யாரும் இல்லை, போய்விட்டார்கள். எங்களை மேலே தன்னோடு வைத்திருக்கவும் அவருக்கு ஆசைதான். ஆனால் முதல் நாளே சிலர் மேல்வீட்டுக்குள் ஏறிக் கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் பூட்டிய வீடே பத்திரம் என்று ஆகிவிட்டது.

ஆளில்லாத வீட்டில் அடுப்புப் புகையக் கூடாது. பைப்பைத் திறக்கக் கூடாது, லைற் போடக் கூடாது, இருமல் வந்தால் தலையணைக்குள் இரும வேண்டும். பெரியவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. எனக்கோ நல்ல கொண்டாட்டம். பள்ளிக்கூடம் இல்லை. அம்மா ஏசுவதும் இரகசியக் குரலில்தான். இரகசியமாக ஏச்சு வாங்கினால் சுகமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்கதவால் அன்ரி பாண் கொண்டுவந்து தருவார், அதைச் சீனியோடு சாப்பிடுவோம். பிறகு ஊரடங்கில் பேக்கரியும் பூட்டிவிட்டது.

பாண் இல்லாத அன்றைக்கென்று பார்த்து வெள்ளிக்கிழமையும் வந்தது. அதுவும் ஆடி வெள்ளி. அன்ரி சோறும் கறியும் தருகிறேன் என்றார். மச்சம் புழங்கிய சட்டியாயிற்றே என்று அம்மா மெல்ல மழுப்பினார். அன்ரி கோபிக்கவில்லை. நாலு கரட்டும் தேசிக்காயும் மடியில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் மாமா அலுமாரிக்குள்ளிருந்து அந்த நூடில்ஸ் பக்கற்றை எடுத்தார். ஒருநாள் ஆசைப்பட்டு வாங்கி வந்து, புழு மாதிரிக் கிடக்கிறது என்று அம்மா குசினிக்குள் விடாமல் துரத்திய பக்கற் அது.

“அக்கா, இது முழுக்க அரிசி மா. இடியப்பத்தின்ரை தங்கச்சி சீனாவிலை வாழ்க்கைப்பட்டுப் போனவ எண்டு நினையுங்கோவன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிழமையில் அம்மா சிரித்தது அந்த ஒரு தரந்தான். வாளித் தண்ணீரில் நூடில்ஸை ஊறப்போட்டோம். மாமா மூடியைத் திறந்து திறந்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். தேங்காய் உடைத்தால் சத்தம் கேட்கும் என்று கச்சானைத் துணியில் சுற்றி, அம்மிக்குழவியால் மெல்ல அமத்தி நொறுக்கினார் அம்மா. எல்லாம் பிசறித் தந்தபோது நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். குளிர்ச்சியும் புளிப்பும் நறுக் நறுக்கென்று கரட்டும் — அப்பாடா, அப்படி ஒரு ருசி.

மாமா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டுவினம். இதிலை உப்புக் கிடக்கு. ஆனா ஒரு தாளிதம் இல்லாட்டி இது சாப்பாடோ, அக்கா?”

“உயிரோடை இருந்தா நாளைக்குத் தாளிச்சுச் சாப்பிடலாம். பேசாமல் விழுங்கு” என்றுவிட்டு அம்மா அறைக்குள் சாமி கும்பிடப் போனார். விளக்கேற்றாத ஆடி வெள்ளி அம்மாவுக்கு அதுதான் முதல்தடவை.

அம்மாவின் தலை மறைந்ததும் மாமா எனக்குக் கண்ணைச் சிமிட்டினார். குசினி யன்னலில் ஒரு சாக்கை இழுத்துவிட்டார். சின்ன மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துத் திரியை நன்றாகக் குறைத்தார். புகையே இல்லை. தாச்சியில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகைப் போட்டு, வெடிக்கிற சத்தம் கேட்காமல் தட்டால் மூடினார். செத்தல்மிளகாய் போட்டார், கறிவேப்பிலை போட்டார். கடைசியாக, அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து தாராளமாகப் பெருங்காயமும் போட்டார். புகைக்கும் சத்தத்துக்கும் காவல் வைத்த மனிதர் மணத்தை மறந்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; நான் நேரிலேயே பார்த்தேன்.

அம்மா ஓடி வந்த வேகத்தில் சேலை கதவில் கொழுவிக் கிழிந்தது.

“படுபாவி! பெருங்காயமெல்லோடா! இந்த ஒழுங்கையிலை எங்கட வீட்டைத் தவிர வேறை எந்த வீட்டிலையடா பெருங்காயம் மணக்கும்?”

அதையும் காற்றுக் குரலில்தான் சொன்னார், ஆனால் முகத்தில் இரத்தமே இல்லை. மாமா அடுப்பை ஊதி அணைத்துத் தாச்சியின்மேல் ஈரச் சாக்கைப் போட்டார். போட்டு என்ன? வாசம் யன்னல் இடுக்கால் எப்போதோ வெளியே போய்விட்டது. பெருங்காய டப்பா பாதி காலியானதற்குத்தான் அம்மா இந்தப் பாடு படுகிறார் என்று நான் நினைத்தேன். பாவம் மாமா என்றும் நினைத்தேன்.

மேலே முன்விறாந்தையில் கதிரை ஒன்று சரிந்து விழுந்தது. அன்ரியின் காலடி திடுதிடுவென்று எங்கள் தலைக்கு மேலே ஓடிக் குசினிக்குப் போனது. ஏதோ தகரம் உருண்டது. எண்ணெய் சீறியது. அடுத்த நிமிடம் மணம் இறங்கி வந்தது. கருவாடு! ஒரு துண்டு இரண்டு துண்டு இல்லை, பானையோடு கவிழ்த்துக் கொட்டியது போல. பொரிந்து, கருகி, கண்ணெல்லாம் எரிகிற மாதிரி வீடு முழுக்க நிறைந்தது.

ஆடி வெள்ளியில்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் சத்தம் போட முடியாமல் கிடக்கிறோம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற துணிவுதானே இந்த அன்ரிக்கு என்று நினைத்தேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கைப் பொத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பொத்தவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு முகட்டையே பார்த்தபடி நின்றார். கண்ணீர் கன்னத்தால் ஓடியது. “முருகா, முருகா” என்று உதடு மட்டும் அசைந்தது. அம்மாவை இப்படி அழவைத்துவிட்டாரே என்று அன்ரிமேல் என் கோபம் இன்னும் ஏறியது.

அதற்குள் வாசல் படலையடியில் ஆம்பிளைக் குரல்கள் கேட்டன. பலபேர். மாமா என்னை இழுத்து மடிக்குள் வைத்து வாயைப் பொத்தினார். யாரோ எங்கள் முன்கதவின் பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு டங்கென்று விட்டார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“கவுருத் நே, புத்தே!” என்று மேலிருந்து அன்ரியின் குரல் வந்தது. யாரும் இல்லை, மகனே. யாழ்ப்பாணம் போய்விட்டார்கள்.

ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடியதில் எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கருவாட்டு மணம் ஒழுங்கை முழுக்கத் தூக்குதே அக்கே என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஊரடங்கில் இதைவிட்டால் வேறென்ன கிடைக்கிறது, வேண்டுமென்றால் ஏறி வந்து தின்னுங்கள் என்று அன்ரி ஏசினார். அவர்கள் ஏறி வரவில்லை. ஏதோ பேசிக்கொண்டு மற்றப் பக்கமாக இறங்கிப் போனார்கள். நாறல் மீனை மணக்குது என்று புகழ்கிறார்களே, இவர்களும் மனிதர்களா என்று நான் மாமாவின் கைக்குள்ளிருந்தபடி நினைத்தேன்.

குரல்கள் தூரத்தில் தேய்ந்து நெடுநேரம் கழித்துத்தான் பின்கதவு மெல்லத் திறந்தது. அன்ரி வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தலைமயிரெல்லாம் புகை. வலது கையில் முழங்கைவரை எண்ணெய் தெறித்துக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றம். அம்மாவின் பக்கம் நிற்க நான் ஒருத்தியாவது இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டும் என நினைத்தேன். இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

“எடடி கையை” என்றார் அம்மா.

நான் எடுக்கவில்லை. கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல்தடவை. அடித்த கையோடேயே போய், அன்ரியின் கருவாட்டுக் கைகளை எடுத்து, குனிந்து, தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். விடாமல் ஒற்றிக்கொண்டே நின்றார். அன்ரி “எப்பா நங்கி, எப்பா”, வேண்டாம் வேண்டாம் என்றபடி தானும் அழுதார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆடி வெள்ளியில் மச்சம் பொரித்தவருக்குக் கும்பிடு, அம்மாவுக்காக மூக்கைப் பொத்தியவளுக்கு அடி. இது எந்த ஊர் நியாயம்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குசினி மூலையில் குந்தியிருந்து, சத்தம் வராமல் அழுதேன்.